ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: பிரேக்கில் தொடங்குங்கள்

என் டூ-சீட்டரில் முதலில் எக்ஸாஸ்ட்டைத்தான் மாற்றினேன். சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. ரேஸ் டிராக்கில் ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் தரைவரை போனபோதுதான் புத்தி வந்தது. பழைய பிரேக் ஆயில் கொதித்துவிட்டது! புது டாட் 4 ஆயில் (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 வரைகூட இறங்கலாம். அதனால் டிராக்குக்கு முன் புது ஆயில் ஊற்றி, பிரேக் லைனில் (ஆயில் போகும் குழாய்) உள்ள காற்றை முழுக்க வெளியேற்றுங்கள்.

முழு ரேஸ் பிரேக் பேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) வேண்டாம். சூடேறாதவரை சரியாகப் பிடிக்காது, ரோட்டில் ஆபத்து.

அப்புறம் டயர். டிராக்கில் இருந்து வந்ததும் சூட்டிலேயே காற்றழுத்தம் பாருங்கள். ஏறியிருந்தால் கொஞ்சம் இறக்குங்கள். ஆறியதும், வீடு திரும்பும் முன், மறுபடி நிரப்புங்கள் (நான் மறந்திருக்கிறேன்). எஞ்சின் பவரா? அது கடைசி.