எதிர்ப்புச் சக்தியை ஏற்ற நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

"எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சு, ஏதாவது ஏத்திக்கணும்." நான்கு நாள் சளி பிடித்தாலே இதைச் சொல்லிவிடுகிறோம். தொட்டித் தண்ணீர் போல இதற்கும் ஒரு மட்டம் உண்டு, குறைந்தால் நிரப்பிவிடலாம் என்ற எண்ணம். நான் பார்த்தவரை மற்றப் பிழைகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

நோயெதிர்ப்பு மண்டலத்துக்குத் தாக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. யாரைத் தாக்கக் கூடாது என்றும் தெரிய வேண்டும், அதுதான் கடினம். டி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. நம் உடலையே குறிவைப்பவை பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வெளியே வருபவற்றை அடக்கி வைக்கத் தனி வகை டி செல்கள் இருப்பதை 1995-இல் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். அந்த அடக்கும் செல்களுக்கு ஆதாரமான மரபணுவை 2001-இல் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் கண்டறிந்தார்கள். மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சர்க்கரை நோயும் தீராத வயிற்றுப்போக்கும் வரலாம். அதன் உடலில் தாக்கும் பலம் இருக்கிறது, பிரேக்தான் இல்லை. முடக்கு வாதம், லூபஸ், முதல் வகை சர்க்கரை நோய் ஆகியவற்றிலும் நம் படையே நம் உறுப்பைத் தாக்குகிறது. அலர்ஜியும் தீங்கற்ற ஒன்றின்மேல் காட்டும் அளவு மீறிய எதிர்ப்புதான்.

எதிர்ப்பை உண்மையிலேயே முடுக்கிவிடும் மருந்துகள் இருக்கின்றன. டி செல்களின் பிரேக்கை விடுவித்துப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் அந்தச் சிகிச்சைக்கு அடித்தளம் இட்ட ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பெற்றார்கள். பல உயிர்களைக் காப்பாற்றும் அதே மருந்து சிலருக்குக் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும் அழற்சியில் தள்ளுகிறது. அப்போது ஸ்டீராய்டு கொடுத்து அந்த எதிர்ப்பைத் தணிக்க வேண்டியிருக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ளாததால் நடக்கும் தவறுகளில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது மாத்திரையைத் தானாக நிறுத்துவது. "இது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முடக்கு வாதத்துக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ சாப்பிடும் மருந்தை விட்டுவிடுகிறார்கள். மாற்று உறுப்பு எத்தனை வருடம் ஆனாலும் டி செல்களுக்கு அந்நியம்தான்; மருந்து நின்றால் நிராகரிப்பு தொடங்கலாம். ஸ்டீராய்டைத் தானாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. நீண்ட நாள் எடுத்தவரின் அட்ரீனல் சுரப்பி, உடலுக்கு வேண்டிய இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கும் தன் வேலையை ஏறக்குறைய மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்த மருந்துகளில் இருப்பவர் காய்ச்சல் கண்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். எந்தத் தடுப்பூசிக்கு முன்பும் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகள் இவர்களுக்குப் பொதுவாக ஆகாது.

"நோய் வந்து போனால்தான் நிஜமான எதிர்ப்பு" என்பது பாதி உண்மை. 1846-இல் ஃபரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, 1781-இல் அதே நோய் கண்டிருந்த முதியவர்களுக்கு மீண்டும் வரவில்லை என்று பீட்டர் பானும் (Panum) என்ற டென்மார்க் மருத்துவர் பதிவு செய்தார். அறுபத்தைந்து வருட ஞாபகம்! ஆனால் தட்டம்மை வைரஸ், முன்பு சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் ஞாபகச் செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. தடுப்பூசி போடாத குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, தட்டம்மைக்குப் பிறகு மற்ற கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளில் (கிருமியைப் பிடிக்கும் ரத்தப் புரதங்களில்) 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போனதைக் காட்டியது. தடுப்பூசி அந்த இழப்பில்லாமல் பாதுகாப்பைத் தருகிறது.

சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். அது வைரஸைத் தொடாது. வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் விழுங்கினாலும் பெரும்பாலோருக்குச் சளி வருவது குறைவதில்லை. தூக்கத்துக்கு அதைவிட மதிப்பு அதிகம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறேழு முறை சளி பிடிப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து டானிக் தேட வேண்டாம். ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, உள்ளுறுப்பில் சீழ்க்கட்டி, வாயில் ஆறாத பூஞ்சை வெண்படலம் ஆகியவைதான் எதிர்ப்புக் குறைபாட்டைச் சந்தேகிக்க வைப்பவை. அப்போது ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடி அளவைப் பார்ப்பார்கள். அது கடுமையாகக் குறைந்திருப்பவர்களுக்குப் பிறர் தானம் செய்த பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள்.