கள்ளநோட்டு கையில் சிக்கினால் செய்யக்கூடாதவை

பணத்தை எண்ணும்போது ஒரு தாள் மட்டும் உறுத்துகிறது. உற்றுப் பார்த்தால் கள்ளநோட்டு. நட்டப்படாமல் இதை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டால் என்ன என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். இருப்பதிலேயே பெரிய தவறு அதுதான்.

தெரியாமல் கைக்கு வந்த நோட்டுக்காகச் சட்டம் பொதுவாக யாரையும் தண்டிப்பதில்லை. போலி என்று தெரியுமா, நல்ல நோட்டு என்று சொல்லி அடுத்தவரிடம் மாற்றும் எண்ணம் இருந்ததா என்றே அது பார்க்கிறது. தெரிந்தபின் அதைக் கடையில் நீட்டினால், ஏமாந்தவர் ஏமாற்றுபவர் ஆகிவிடுகிறார். "எனக்கும் இப்படித்தான் வந்தது" என்பது அப்போது எடுபடாது.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 180-ஆம் பிரிவுப்படி, மாற்றும் எண்ணத்தோடு வைத்திருந்தாலே 7 ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். மாற்றியே விட்டால் 179-ஆம் பிரிவு பாயும். அதில் ஆயுள் தண்டனை வரை இடமுண்டு. அமெரிக்காவில், ஏமாற்றும் நோக்கம் நிரூபிக்கப்பட்டால் 20 ஆண்டு வரை.

மாற்றாமல் சும்மா வைத்திருந்தால்? பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் விடுவதில்லை. போலி என்று தெரிந்தே, தகுந்த காரணமின்றி வைத்திருப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை. மாற்றும் எண்ணமும் இருந்தால் 10 ஆண்டு வரை. வேடிக்கைக்காகப் பர்சில் செருகி வைப்பதும் வம்புதான்.

வெளிநாட்டுப் பணம்தானே என்று அலட்சியமாக இருப்பவர்களும் உண்டு. உள்நாட்டு, அயல்நாட்டுப் பணம் என்று தண்டனையில் வேறுபாடு காட்டக் கூடாதென 1929-லேயே கள்ளப்பணத்தை ஒடுக்குவதற்கான ஜெனீவா உடன்படிக்கை சொல்லிவிட்டது.

கிழித்துப் போடுவதும் கொளுத்துவதும் வேண்டாம். நோட்டு எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்களுக்கு அந்தத் தாள்தான் தடயம். கொடுத்தவரிடமே திருப்பித் தந்தால் அது மறுபடி புழக்கத்துக்குப் போகும்.

வங்கியில் கொடுத்துவிட்டு, திருப்பித் தரச் சொல்லி காசாளரிடம் சண்டை போடுவது இன்னொரு தவறு. இந்தியாவில் ரிசர்வ் வங்கி விதிப்படி அவர் அதைத் திருப்பித் தரவே கூடாது. முத்திரை குத்திப் பறிமுதல் செய்தாக வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் 4 தாள் வரை என்றால், வங்கி மாத இறுதியில் போலீசுக்கு மொத்தமாக அறிக்கை அனுப்பும். 5 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே புகார் போகும். பணம் திரும்ப வராது. ஆனால் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். நோட்டை நீங்களாகவே வங்கியில் கொடுத்ததற்கு அதுதான் சான்று.