ஆடியில் விற்க ஆடியில் விதைக்க முடியாது: நர்சரி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்து ஒரு மழை பெய்துவிட்டால் போதும், வேம்பு இருக்கிறதா, புங்கன் இருக்கிறதா என்று கேட்டு நர்சரி வாசலில் ஆள் சேர்ந்துவிடும். புதிதாக நர்சரி தொடங்கியவர் அந்த வாரம்தான் விதையைத் தேடிப் புறப்படுவார். தமிழ்நாட்டில் சிறு நர்சரிகள் நொடித்துப்போவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். பூச்சி, நோய், தண்ணீர்ப் பற்றாக்குறை எல்லாம் அதற்குப் பிறகுதான். வாங்குபவர் நடுகிற பருவத்துக்கு ஒரு பருவமாவது முன்னால் நர்சரிக்காரர் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். சில மரங்களுக்கு ஓராண்டே முன்னால்.

வேம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் பழம் உதிர்கிறது. சதையைக் கழுவி நிழலில் உலர்த்திய வேப்பங்கொட்டைக்கு முளைப்புத்திறன் இரண்டு மூன்று வாரங்கள்தான் நிற்கும். சாக்கில் கட்டி வைத்துவிட்டுப் புரட்டாசியில் விதைத்தால் பாத்தி வெறுமையாகவே கிடக்கும். இந்த ஆடியில் விதைத்தால் அடுத்த ஆடிக்குத்தான் நல்ல கன்றாக விற்பனைக்கு வரும். இலுப்பை, நாவல், பலா மூன்றும் இதே குணம். விதையின் ஈரம் காய்ந்தால் உயிர் போய்விடும், ஆகவே பழத்திலிருந்து எடுத்த சூட்டில் விதைத்துவிட வேண்டும். புங்கன் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் பொறுக்கிய நெற்றுகளைச் சில மாதங்கள் வைத்திருந்தும் விதைக்கலாம். தேக்கில் அவசரப்பட்டுப் பயனில்லை. நனைப்பதும் காய வைப்பதுமாகச் சில நாட்கள் மாற்றி மாற்றிச் செய்தால்தான் கொட்டை கண் திறக்கும்.

ஒவ்வொரு மரத்துக்கும் பழம் எப்போது விழும், விதை எத்தனை நாள் தாங்கும், பையில் எத்தனை மாதம் நிற்க வேண்டும் என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தப் புத்தகத்தையும்விட அந்த நோட்டு உதவும். உங்கள் ஊர் வேம்பு என்று பழுக்கிறது என்பது உங்கள் ஊர்க்காரருக்கு மட்டுமே தெரியும்.

பூச்செடிகளுக்கும் நாளைப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஆயுத பூஜைக்குப் பூ எடுக்க நினைக்கும் விவசாயிக்குச் செண்டுமல்லி நாற்று எப்போது தேவை? நட்டதிலிருந்து பூக்க ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்கு முன் நாற்றாக ஒரு மாதம். அப்படியானால் ஆனி மாதமே விதை குழித்தட்டில் இருக்க வேண்டும். ஆவணி கடைசியில் நாற்றைக் காட்டினால், விவரம் தெரிந்த விவசாயி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். கல்யாணத் தாம்பூலத்தோடு கன்று கொடுக்கும் வழக்கம் இப்போது பல ஊர்களில் பரவியிருக்கிறது. முகூர்த்தம் இல்லாத மார்கழியில் ஓய்ந்து உட்கார்ந்தால் தை ஆர்டர் கைநழுவிப் போகும். அந்தக் கன்றுகள் ஒரே உயரத்தில், சிறிய பையில், தூக்க இலேசாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றுபோல் ஆயிரம் கன்று வேண்டுமானால் ஒரே நாளில் விதைத்து, தேறாதவற்றைக் கழிப்பதற்கும் சேர்த்துக் கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும்.

சித்திரையை வீணாக்குவது

வெயில் காலத்தில் விற்பனை இல்லை என்று பலர் ஒரு ஆளை மட்டும் தண்ணீர் ஊற்ற வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஐப்பசியில் வரப்போகும் நோயை ஒடுக்க வேண்டிய காலமே சித்திரைதான். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் என்று கலந்த மண்ணை நன்றாக நனைத்து, ஒரு சாண் உயரத்துக்கு மிகாமல் பரப்பி, கண்ணாடி போன்ற வெள்ளைப் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண் போட்டு அடைத்து, நான்கு முதல் ஆறு வாரங்கள் விட்டுவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயில் உள்ளேயிருக்கும் பூசணம், நூற்புழு, களை விதை எல்லாவற்றையும் பெருமளவு ஒழித்துவிடும். கறுப்புத் தாள் சரிப்படாது. வெயில் தாளோடு நின்றுவிடும், மண் அந்த அளவுக்குச் சூடாகாது. மண் உலர்ந்திருந்தாலும் பலன் குறைவு.

தொழுவுரம் முழுவதும் மக்கியிருப்பது முக்கியம். அரைகுறையாக மக்கிய சாணத்தில் வண்டுகள் முட்டையிடும். அதை அப்படியே பையில் நிரப்பினால், கன்று வாடுவதற்குக் காரணம் தெரியாமல் நீங்கள் மருந்து அடித்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே வெள்ளைப் புழு வேரைத் தின்றுகொண்டிருக்கும்.

கோடையின் இன்னொரு தொல்லை உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீர் இறங்க இறங்க உப்பு ஏறும். பையின் மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்குப் படிவதும், இலை நுனி கருகுவதும் அதன் அடையாளங்கள். கருகிய இலையைப் பார்த்து உரம் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது உப்பின் மேல் உப்பு. பையின் அடியில் வழிந்தோடும் அளவுக்கு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தென்னை நார்க்கழிவு வாங்கும்போதும் இந்தக் கவனம் வேண்டும். கழுவாத நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு மிகுதி, மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் நாற்று மஞ்சளாகும்.

நிழல்வலையை எல்லாச் செடிக்கும் ஒன்றுபோல் போடுவதையும் விட வேண்டும். முளைக்கும் விதைக்கும் புதிதாக ஒட்டிய கன்றுக்கும் நிழல் தேவை. வேம்பும் புங்கனும் வலைக்குள்ளேயே வளர்ந்தால் தண்டு கம்பிபோல் நீண்டு, வெளியே நட்ட முதல் வாரத்திலேயே தலை சாயும்.

மழையில் நாற்று சாவது

ஐப்பசி அடைமழையில் மிளகாய், தக்காளி நாற்று திட்டுத்திட்டாகச் சாய்வதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். சாய்ந்த நாற்றை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இலை பச்சையாகவே இருக்கும், வேரும் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். மண்மட்டத்தில் மட்டும் தண்டு நீர் கோத்து, இற்று, நூலாக மெலிந்திருக்கும். இது நாற்றழுகல். இலை பசுமையாக இருப்பதால் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. ஊற்றிய தண்ணீரோடு பூசணம் அடுத்த குழிக்கு நகர்கிறது.

மருந்தைவிட இங்கே வடிகாலும் காற்றோட்டமும்தான் காப்பாற்றும். குழித்தட்டுகளைத் தரையில் வைக்காமல் மேடையில் வையுங்கள். விதையை நெருக்கிப் போடாதீர்கள். தண்ணீரைக் காலையில் விடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுவதும் இலையும் தண்டும் ஈரமாக நிற்கும். விதைக்கும்போதே ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்துவிடுவது வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறை. செலவு மிகக் குறைவு. நோய் கண்ட தட்டை அன்றே ஒதுக்க வேண்டும். பாதி பிழைத்திருக்கிறதே என்று பார்க்கக் கூடாது.

நாற்றின் வயதும் மழைக்காலத்தில்தான் தவறிப்போகிறது. தக்காளி நாற்று 25 நாளில் வயலுக்குப் போக வேண்டும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். மழை விடவில்லை, விவசாயி வரவில்லை என்று தட்டிலேயே நிறுத்திய நாற்று முற்றிப்போய், நட்ட பிறகு காய்ப்பில் குறைகிறது. அதை விற்காமல் கழித்துவிடுங்கள். விற்றால் அடுத்த பட்டத்தில் அந்த விவசாயி உங்களிடம் வர மாட்டார்.

புயல் எச்சரிக்கை வந்ததும் நிழல்வலையை அவிழ்த்துச் சுருட்டிவிட வேண்டும். கட்டியபடி விட்டால் காற்று வலையோடு சேர்த்துக் குழாய்களையும் பிடுங்கும். உயரமான கன்றுகளைக் காற்று வரும் திசை பார்த்துப் படுக்க வைத்துவிடலாம், இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் தஞ்சாவூர், புதுக்கோட்டை வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அப்படிப்பட்ட காலத்தில் தென்னங்கன்றுக்கு அலைமோதுவார்கள், முளைவிட்ட தேங்காய் எல்லாம் கன்றாகிவிடும். தோப்பை இழந்தவருக்குத் தேறாத கன்றைக் கொடுப்பது பெரும் பாவம். அது தேறவில்லை என்று அவருக்குத் தெரிய பல ஆண்டுகள் ஆகும். பதித்து 5 மாதமாகியும் முளைக்காத நெற்றைக் கழித்துவிட வேண்டும். 9 முதல் 12 மாத வயது, குறைந்தது 6 இலை, கழுத்துச் சுற்றளவு 10 செ.மீ. என்ற அளவு எந்த நெருக்கடியிலும் மாறக் கூடாது.

வெளியூர்ச் செடியை நேராக உள்ளே விடுவது

எல்லாச் செடியையும் நாமே உருவாக்க முடியாது. ஆந்திராவில் கோதாவரிக் கரையிலுள்ள கடியத்திலிருந்து லாரி லாரியாக அழகுச் செடிகள் தமிழகத்துக்கு வருகின்றன. அவற்றை இறக்கியதும் விற்பனை வரிசையில் வைத்துவிடுகிறார்கள். வந்த செடியைக் குறைந்தது இரண்டு வாரமாவது தனியே, மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்து, இலைகளின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் கண்டறியப்பட்டது. சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் தென்பட்டது. இரண்டுமே வெளிநாட்டிலிருந்து வந்தவை, செடியோடு பயணம் செய்பவை. ஒரு செடியில் வரும் மாவுப்பூச்சியை எறும்புகள் சில நாளில் வரிசை முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

அந்தச் செடிகளின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும். பயணத்தில் ஈரம் காக்க அது வேண்டியதுதான். அதை அப்படியே செம்மண் கலவையில் புதைத்தால் வெளிமண் நனையும், உருண்டை காய்ந்து இறுகும். வேர் அந்தச் சிறைக்குள்ளேயே நின்றுவிடும். வாங்கியவர் வீட்டில் தினமும் தண்ணீர் விட்டும் ரோஜா காய்ந்து போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உருண்டையைத் தண்ணீரில் ஊறவிட்டு, வேர் அறாமல் வெளிக்களியை மட்டும் கரைத்துவிட்டுப் பைக்கு மாற்றி, புதுத் துளிர் வந்த பிறகு விற்பனைக்கு வையுங்கள்.

மார்கழிக் குளிரில் பெட்டூனியாவும் டாலியாவும் பூத்துக் குலுங்கும். பங்குனி வெயிலில் சமவெளியில் அவை நிற்காது. அதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

பெயர் தெரியாத ஒட்டுக்கன்று

பங்கனப்பள்ளியும் இமாம்பசந்தும் கன்றாக இருக்கும்போது வாங்குபவரால் பிரித்தறிய முடியாது. நான்கைந்து ஆண்டு கழித்துக் காய்த்தபின்தான் உண்மை தெரியும். ஆகவே ஒட்டுக் கட்டும் அன்றே அட்டை கட்ட வேண்டும். மார்க்கர் பேனா எழுத்து ஒரு கோடையில் வெளுத்துவிடும், பென்சிலால் எழுதியது நிற்கும். இரகத்துக்கு ஒரு வண்ணமென்று பையின் மீது பெயிண்ட் அடையாளமும் வைத்தால் வேலையாள் மாறினாலும் குழப்பம் வராது.

ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து துளிர்க்கும் கிளையை விட்டுவைப்பது அடுத்த தவறு. மழைக்காலத்தில் அது மேலே உள்ள ஒட்டைவிட வேகமாக வளரும். செடி செழிப்பாகத் தெரிவதால் ஆளும் கை வைக்க மாட்டார். கடைசியில் வாங்கியவர் தோட்டத்தில் வளர்வது நாட்டு மாங்கொட்டையின் மரம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கன்றின் அடியையும் தடவிப் பார்த்துக் கிள்ளிவிட வேண்டும். ஒட்டுப் பிடித்த பிறகு பாலித்தீன் நாடாவை அவிழ்க்கவும் மறக்கக் கூடாது. தண்டு பருக்கும்போது நாடா உள்ளே புதைந்து கழுத்தை நெரிக்கும்.

சந்தனத்தில் நேர்மாறான ஒரு தவறு நடக்கிறது. சந்தனம் அடுத்த செடியின் வேரைப் பற்றிச் சத்தெடுத்து வளர்வது. அதனால் அதே பையில் துவரையோ பொன்னாங்கண்ணியோ துணைக்கு வைப்பது வழக்கம். களை எடுக்க வந்த புது ஆள் அதையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டுவிடுவார். முதல் நாளே அழைத்துக் காட்டிவிடுங்கள்.

தேங்கிய இருப்பும் தேங்காத பணமும்

விற்காமல் இரண்டாண்டு நின்ற கன்று உயரமாக இருப்பதால் விலை கூட வைக்கலாமென்று தோன்றும். ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள். ஆணிவேர் அடியைத் தொட்டு, வளைந்து, பையின் உருவத்திலேயே சுருண்டிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. நன்றாக வளர்ந்த மரம் ஏழெட்டு ஆண்டு கழித்து ஒரு காற்றில் அடியோடு சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஓராண்டுக்கு மேல் நிற்கும் கன்றைப் பெரிய பைக்கு மாற்றுங்கள், மாற்றும்போது சுருண்ட வேரை நறுக்கிவிடுங்கள். பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கிய வேர்களுக்காகக் கன்றுகளை அவ்வப்போது இடம் மாற்றி வைக்க வேண்டும். விற்கும் நாளில் பிடுங்கி அறுத்துக் கொடுத்தால் கன்று பிழைப்பது சிரமம். விற்பனைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே நிழலிலிருந்து வெளியே எடுத்து, தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்கியிருக்கவும் வேண்டும்.

நர்சரியில் பணம் ஆடி முதல் கார்த்திகை வரை வரும், செலவு பங்குனி முதல் ஆனி வரை போகும். ஐப்பசி வருமானத்தைப் பார்த்துப் புது நிலம் குத்தகைக்கு எடுத்தவர்கள் சித்திரையில் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறுகிறார்கள். கோடை மாதங்களின் கூலி, மின்சாரம், மண், பை இவற்றுக்கான தொகையைக் கார்த்திகையிலேயே தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளுக்கு ஆயிரக்கணக்கில் கன்று கேட்டு வரும் அமைப்புகளிடம் முன்பணம் வாங்காமல் பையை நிரப்பத் தொடங்காதீர்கள். காய்கறி நாற்று விற்பவர்கள் விதை விற்பனை உரிமம் எடுத்திருக்க வேண்டும். விதை வாங்கிய ரசீதையும், எந்தக் குவியல் விதை எந்த நாளில் எந்தத் தட்டில் போடப்பட்டது என்ற பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள். முளைப்பில் குறை என்று விவசாயி வந்து கேட்கும்போது எடுத்துக் காட்ட அவைதான் கையில் இருக்கும்.