தளம் மாறும் குதிரை: பந்தயக் கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிண்டியிலும் பெங்களூரிலும் பந்தயம் பார்த்துப் பழகியவர்கள் கலிபோர்னியாவுக்கு வந்ததும் முதலில் தடுமாறுவது தளத்தில்தான். இந்தியாவில் பந்தயங்கள் பெரும்பாலும் புல்லின்மீதே ஓடுகின்றன. மழையில் தளம் இளகும், வெயிலில் இறுகும் என்ற அளவில் அங்கே கணக்கு முடிந்துவிடும். அமெரிக்காவில் ஒரே மைதானத்தில் ஒரே பிற்பகலில் ஒரு பந்தயம் மண் தளத்திலும் அடுத்தது அதற்கு உட்புறமாக அமைந்த புல் வளையத்திலும் நடக்கும். சில மைதானங்களில் மண்ணுக்குப் பதிலாக, மெழுகு பூசிய மணலோடு செயற்கை இழைகளும் ரப்பர் துணுக்குகளும் கலந்து பரப்பிய செயற்கைத் தளம் இருக்கும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 2024 ஜூனில் மூடப்படும்வரை இயங்கிய கோல்டன் கேட் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் இருந்தது டேப்பெட்டா என்னும் அவ்வகைத் தளம். புதிதாக வந்த நம்மவர் பலர் அங்கே செய்த பிழைகளைப் பக்கத்தில் நின்று பார்த்ததிலிருந்து எழுதுகிறேன். பெயர் ராசி பார்த்தோ ஜாக்கியின் சட்டை நிறம் பார்த்தோ பணம் கட்டுவதைப் பற்றி இங்கே பேசவில்லை. அந்தப் பழக்கத்தை இரண்டு மூன்று தோல்விகளே திருத்திவிடும்.

ஒரு தளத்தின் எண்ணை இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோவது

டெய்லி ரேசிங் ஃபார்ம் இதழில் 1992 முதல் ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களுக்கும் எதிரே பேயர் வேக எண் அச்சாகிவருகிறது. அந்த நாளில் அந்தத் தளம் எவ்வளவு வேகமாக இருந்தது என்பதைக் கழித்துவிட்டு, குதிரை ஓடிய ஓட்டத்தின் தரத்தை ஓர் எண்ணாகச் சொல்வது அது. வெவ்வேறு மைதானங்களில் ஓடிய குதிரைகளை ஒப்பிட அதைப்போல உதவுவது வேறொன்றுமில்லை. ஆனால் மண்ணில் 90 வாங்கிய குதிரை புல்லிலும் செயற்கைத் தளத்திலும் 90 வாங்கும் என்று அந்த எண் எங்கும் உறுதி சொல்லவில்லை.

காரணம் ஓட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மண்ணில் முன்னால் ஓடும் குதிரைகளின் குளம்பு வாரியிறைக்கும் மண் பின்னால் வருபவற்றின் முகத்தில் அறைவதால், தொடக்கத்திலேயே முன்னிலை பிடித்து அதைக் காப்பாற்றும் குதிரைக்கு அங்கே பெரும் சாதகம் உண்டு. புல்லில் முதற்பாதி நிதானமாகச் சென்று, கடைசிக் கால் மைலில்தான் எல்லோரும் பாய்வார்கள். அங்கே வேண்டியது அந்தக் கடைசிப் பாய்ச்சல். செயற்கைத் தளம் பெரும்பாலும் புல்லின் பக்கமே சாயும்.

இதற்குச் சரியான சான்று, அமெரிக்காவின் பெரும் பந்தயங்களில் ஒன்றான பிரீடர்ஸ் கப் கிளாசிக்கின் 2008 ஓட்டம். முந்தைய ஆண்டு அதே பந்தயத்தையும், 2008 மார்ச்சில் துபாய் உலகக் கோப்பையையும் மண்ணில் வென்ற கர்லின் என்னும் குதிரை அன்று பெரும் ஃபேவரிட்டாக, அதாவது அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரையாக இருந்தான். அந்தப் பந்தயம் நடந்த தெற்குக் கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டா மைதானத்தில் அப்போது போடப்பட்டிருந்ததோ புரோ-ரைட் என்னும் செயற்கைத் தளம். கர்லின் நான்காவதாக வந்தான். முதலிரண்டு இடங்களை ஐரோப்பியப் புல்லில் வளர்ந்த ரேவன்ஸ் பாஸும் ஹென்றிதநேவிகேட்டரும் பிடித்தன. அன்று எண்ணை மட்டும் பார்த்துக் கர்லின்மீது பணம் கட்டியவர்கள் மண்ணில் ஓடும் ஒரு பந்தயத்தைக் கற்பனை செய்துகொண்டு கட்டியவர்கள்.

தளம் ஏன் மாறியது என்று கேட்காமல் பணம் கட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். அதிகப் பணத்தைக் கரைப்பதும் இதுவே. தம்மைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டே ஒருவர் செய்வதும் இதுவே.

கிளெய்மிங் பந்தயத்தில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கும். தகுதி பெற்ற உரிமையாளர் எவரும் பந்தயத்துக்கு முன்பே அந்த விலையைக் கட்டி அதை வாங்கிக்கொள்ளலாம். ஆகவே விலையைக் குறிக்கும்போதே, தம் குதிரையைப் பற்றித் தாம் அறிந்ததை உரிமையாளர் பாதி சொல்லிவிடுகிறார். சான் ஹோசேயில் வேலை பார்க்கும் சென்னை இளைஞர் ஒருவர், என்னை அண்ணன் என்றே கூப்பிடுபவர், ஒரு சனிக்கிழமை ரேஸ் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணே, இதைப் பாருங்க. சாண்டா அனிட்டாவுல இருபத்தஞ்சாயிரம் டாலர் பந்தயத்துல எண்பதுக்கு மேல எண் வாங்கின குதிரை. இன்னிக்கு இங்க எட்டாயிரம் டாலர் பந்தயத்துல ஓடுது. மத்த எதுவும் எழுபதைத் தாண்டல."

"எட்டாயிரத்துக்கு ஏன் விக்கிறாங்கன்னு பாத்தியாப்பா?"

"அதோட அப்பன் குட்டிங்கல்லாம் டேப்பெட்டாவுல நல்லா ஓடுதுண்ணே. அதான் தளத்தை மாத்தியிருக்காங்க."

வம்சத்தைப் பற்றி அவர் சொன்னது தவறில்லை. ஆனால் அதே பக்கத்தில் இருந்த மற்றவற்றை அவர் பார்க்கவில்லை. கடைசி ஓட்டத்துக்குப் பிறகு நான்கு மாத இடைவெளி. அதற்கு முன்பு வாரம் தவறாமல் பயிற்சி ஓட்டம் பதிவாகியிருந்த குதிரைக்கு, திரும்பி வந்த பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், அதுவும் குறுகிய தொலைவில், மெதுவான நேரங்களே பதிவாகியிருந்தன. பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடமான பேடாக்குக்கு வந்தபோது முன்னங்கால் இரண்டிலும் கட்டுப் போட்டிருந்தார்கள்; பழைய ஓட்டங்களின் குறிப்பில் முன்னங்கால் கட்டு எங்கும் இல்லை. அணிவகுப்பு முடிந்து மெல்லோட்டம் தொடங்கியதும், இடது முன்னங்கால் தரையில் பதியும்போதெல்லாம் குதிரையின் தலை சற்றே மேலெழுந்து தணிந்தது.

மண் தளத்தின் அதிர்வைத் தாங்காத கால்களை, மெத்தென்ற தளம் கொஞ்ச நாள் தாங்கும் என்ற நம்பிக்கையில் செயற்கைத் தளத்துக்கோ புல்லுக்கோ அனுப்புவது பயிற்சியாளர்களிடையே பழைய வழக்கம். அப்படி வரும் குதிரையின் தளமாற்றம் திறமையைத் தேடி எடுத்த முடிவாக இருக்காது. வலிக்குத் தேடிய ஒதுக்கிடமாகவே இருக்கும். விலையும் கூடவே மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தால், உரிமையாளர் அந்தக் குதிரையை வேறொருவர் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றே கொள்ள வேண்டும். அன்று அந்தக் குதிரைதான் ஃபேவரிட். முதல் அரை மைல் முன்னால் ஓடியது, வளைவில் பின்தங்கியது, நேர்ப்பாதைக்குள் நுழைந்ததும் ஜாக்கி அதை அடக்கி ஓட்டினார், கடைசியாக வந்து சேர்ந்தது. இளைஞர் சொன்ன காரணம்: "தளம் ஒத்துக்கலண்ணே. மண்ணுக்குத் திரும்பினா ஜெயிக்கும்." அது மண்ணுக்குத் திரும்பும் நாளுக்காக நெடுநாள் பதிவுப் பட்டியல்களைத் துழாவிக்கொண்டிருந்தார். அந்தப் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

தளமாற்றம் எல்லாமே சந்தேகத்துக்குரியது என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டால் அதுவும் பிழையாகும். புல்லில் தோற்றுக்கொண்டிருந்த சிகார் என்னும் குதிரையைப் பயிற்சியாளர் பில் மோட் 1994 இலையுதிர்காலத்தில் மண்ணுக்கு மாற்றினார். அந்த ஓட்டத்தில் தொடங்கித் தொடர்ந்து 16 பந்தயங்களை அவன் வென்றான். 2011இல் அனிமல் கிங்டம் மண்ணில் ஒருமுறைகூட ஓடியிராத நிலையில், மண் தளத்தில் நடக்கும் கென்டக்கி டெர்பிக்கு வந்து வென்றான். அதற்கு முந்தைய வெற்றி டர்ஃப்வே பார்க் மைதானத்தின் பாலிட்ராக் என்னும் செயற்கைத் தளத்தில் கிடைத்தது. இவ்விரண்டிலும் தளம் மாறியதே தவிர, குதிரையின் மதிப்பு இறங்கவில்லை. நான் பார்ப்பதும் அதையே. தளம் மாறி, விலை அப்படியே நின்றாலோ ஏறினாலோ, அந்த மாற்றத்தை ஒரு நேர்மையான முயற்சியாகக் கருதலாம். நீண்ட ஓய்வுக்குப் பின் திரும்பும் குதிரையை விலைக்கு வாங்க முடியாதபடி விலக்குக் கேட்டு ஓட்டும் வாய்ப்பைக் கலிபோர்னிய விதி தருகிறது. அந்த விலக்கைக் கேட்டிருந்தால் உரிமையாளர் குதிரையைக் கைவிட விரும்பவில்லை என்று பொருள். தளமும் மாறி, விலையும் சரிந்து, இடைவெளியும் விழுந்து, பயிற்சி ஓட்டங்களும் தேய்ந்திருந்தால், அந்தக் குதிரையின் பழைய எண்ணை அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

அமெரிக்காவின் குதிரைப் பந்தய நேர்மை மற்றும் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், பந்தயம் முடிந்ததும் மருத்துவர் நொண்டல் என்று பட்டியலிட்ட குதிரையின் விற்பனை செல்லாது. இதனால் தள்ளிவிடும் வேலை குறைந்திருக்கிறது. ஆனால் அந்த விதி காப்பாற்றுவது குதிரையை வாங்கியவரின் பணத்தை. டிக்கெட் எடுத்தவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

பேடாக்கில் பளபளப்பைப் பார்ப்பது

மினுங்கும் தோலும் வளைந்த கழுத்தும் கண்ணை இழுக்கும். நொண்டலை அங்கே நடையில் கண்டுபிடிப்பது கடினம். மெல்லோட்டத்தில்தான் அது வெளிப்படும். முன்னங்கால் நோகும் குதிரை, நோகும் கால் தரையில் பதியும்போது எடையைக் குறைக்கத் தலையை உயர்த்தும், நல்ல கால் பதியும்போது தலையைத் தாழ்த்தும். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலைக் குற்றம் சொல்வார்கள். பின்னங்கால் நோவு தலையில் தெளிவாகத் தெரியாது. பின்னால் நின்று இடுப்பெலும்பின் இரு பக்கமும் ஒரே அளவில் ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு முன்னங்காலும் ஒருசேர நொந்தால் தலையாட்டமும் இருக்காது. அடி மட்டும் குட்டையாகிவிடும், தோளிலிருந்து கால் நீளாது. இதுவே எளிதில் ஏமாற்றுவது. தொலைநோக்கி இல்லாமல் பார்வையாளர் மேடையிலிருந்து இதைக் காண முடியாது.

ஓடும் நாளன்று காலையில் ஒவ்வொரு குதிரையையும் ஒழுங்குமுறைக் கால்நடை மருத்துவர் பரிசோதிக்கிறாரே என்று கேட்பார்கள். அவர் பார்ப்பது ஓடலாமா கூடாதா என்பதை. முழுத் திறமையோடு ஓடுமா என்பது அவர் வேலையில்லை.

பின்னங்கால் கட்டைக் கண்டு மிரள்வது

மண்ணில் உரசிக் குதிகால் பக்கம் புண்ணாகாமலிருக்கப் போடுவது அது. விட்டுவிடுங்கள்.

ஈரமான மண் என்றால் மெதுவான மண் என்று எண்ணுவது

மழைக்கு முன்பே உருளையால் அழுத்தி மூடிய தளத்தில் தண்ணீர் தேங்கி நின்றாலும் நேரம் வேகமாகவே வரும்.

செயற்கைத் தளத்தில் காலுக்கு ஆபத்தில்லை என்று நம்புவது

அமெரிக்க ஜாக்கி கிளப்பின் காயப் பதிவேட்டின்படி, ஆயிரம் ஓட்டங்களுக்கு உயிரிழப்புக் காயங்கள் 2009இல் 2.00 ஆக இருந்து 2023இல் 1.32 ஆகக் குறைந்திருக்கின்றன. மூன்று தளங்களில் செயற்கைத் தளத்தின் விகிதமே மிகக் குறைவு. அந்த எண்ணிக்கை உயிரை வாங்கிய காயங்களை மட்டுமே சொல்கிறது. தசைநாண் வீங்கி ஆறு மாதம் லாயத்தில் நிற்கும் குதிரை அதில் இடம்பெறாது. மேலும் அந்தத் தளமும் எந்நேரமும் ஒரே மாதிரி இராது. மெழுகு வெயிலில் இளகுவதால், 2007இல் தெற்குக் கலிபோர்னியாவின் டெல் மார் மைதானத்தில் பாலிட்ராக் போட்டபோது காலைப் பயிற்சியில் ஒரு தளமும் பிற்பகல் பந்தயத்தில் வேறொரு தளமுமாக இருக்கிறது என்று பயிற்சியாளர்கள் குறைகூறினார்கள். காலையில் எடுத்த பயிற்சி நேரத்தை அப்படியே நம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

புல்லிலிருந்து நகர்த்தப்பட்ட பந்தயத்தைப் பழைய கணிப்போடு ஆடுவது

மழையால் புல் பந்தயம் மண்ணுக்கு மாற்றப்பட்டால் பாதிக் குதிரைகள் விலகிக்கொள்ளும். மண்ணுக்கு மாறினால் மட்டும் ஓடுவேன் என்ற நிபந்தனையோடு பதிவானவை உள்ளே வரும். அப்படி வரும் குதிரைகள் மழையை எதிர்பார்த்தே பதிவு செய்யப்பட்டவை. முதலில் அவற்றைப் படியுங்கள். மீதியிருக்கும் புல் குதிரைகளில், மண்ணில் ஒருமுறையாவது நன்றாக ஓடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறிவிப்புக்கும் பந்தயத்துக்கும் இடையே அதற்கு நேரமில்லை என்றால் அந்தப் பந்தயத்துக்கு டிக்கெட் எடுக்காமல் அடுத்ததைப் பார்க்கலாம்.