வீட்டுச் செலவைக் குறைச்சு கடன் கட்டறவங்க பண்ற தப்புங்க

எங்க மகளிர் குழு கூட்டம் முடிஞ்சு எழுந்திரிக்கும்போது மாசத்துக்கு ஒரு பொண்ணாச்சும் ஓரமா கூப்பிட்டு "அக்கா, இந்த மாசத்துல இருந்து செலவைக் குறைச்சு கடனை முடிச்சிடலாம்னு இருக்கோம்"னு ஒரு லிஸ்ட்டைச் சொல்லும். கேட்டா எனக்கு தூக்கி வாரிப் போடும். நாங்க கல்யாணமான புதுசுல என்ன கூத்து பண்ணோமோ அதே கூத்து, ஒரு வரி மாறாம. ஓட்டல்ல சாப்பிடாதீங்க, ஆஃபர்னு துணி எடுக்காதீங்க, போன்ல கண்டதை ஆர்டர் போடாதீங்கங்கறதெல்லாம் இதுல எழுதப் போறதில்ல. கடன் இருக்கற வீட்ல எல்லாருக்கும் அது தெரியும், தெரிஞ்சும் பண்றவங்களை நான் எழுதித் திருத்த முடியாது.

முதல்ல வயித்துல கை வைக்கறது

செலவைக் குறைக்கறோம்னு ஆரம்பிச்சதும் முதல்ல நிக்கறது பால், அப்புறம் முட்டை, அப்புறம் பருப்பு. ஏன்னா பொம்பளைங்க கையில இருக்கறது அது மட்டும் தான், வண்டி டியூவையோ வீட்டுக்காரர் சாயங்காலம் கடைத்தெருவுல பண்ற செலவையோ நம்மால நிறுத்த முடியாது. மாசம் ஆயிரத்து சில்லறை மிச்சமாகும், இல்லைங்கல. ஆனா மூணு மாசம் ரசமும் ஊறுகாயுமா ஓட்டினதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மொத்த வீடும் கடுப்பாகி பிரியாணி, கூல் டிரிங்க்ஸுன்னு ஒரே நாள்ல அத்தனையும் போயிடும், அதோட "இது நமக்கு சரிப்பட்டு வராது"ன்னு எல்லாத்தையும் விட்டுடுவாங்க.

அதைவிட ரேஷனை ஒழுங்கா வாங்குங்க. துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா, அரிசி சும்மா. அதுல பாதி மாசம் போகாம விட்டுட்டு, இல்ல வாங்கி பக்கத்து வீட்டுக்கு வித்துட்டு, அதே பருப்பை மளிகைக் கடையில நாலு மடங்கு விலைக்கு வாங்கறவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. ராத்திரிக்கு களி கிண்டி கீரை கடைஞ்சா அஞ்சு பேரு வயிறார சாப்பிடலாம், கேழ்வரகு நம்ம தருமபுரி பக்கம் விளையறது தானே. தக்காளி விலை ஏறினா கொஞ்ச நாளைக்கு புளியில ஓட்டுங்க, 2023 ஜூலைல கிலோ நூறைத் தாண்டினப்ப தக்காளி விளையற பாலக்கோட்டுக்காரங்களே அப்படித்தான் ஓட்டினோம்.

அசலைத் தொடாம வட்டி மட்டும் கட்டறது

இதைப் பேச ஆரம்பிச்சா எனக்கு இன்னமும் கோவம் வரும்.

மாரண்டஹள்ளி பக்கம் எங்களுக்கு தூரத்துச் சொந்தம் ஒரு அக்கா. போர் போட ஒரு லட்சம் 3 வட்டிக்கு வாங்கினாங்க. நூத்துக்கு மாசம் 3 ரூபா, லட்சத்துக்கு 3,000, வருஷத்துக்கு 36,000. ஆயிரம் அடி போயும் வெறும் புழுதி தான் வந்துச்சு, அது வேற கதை. அக்கா சிக்கனத்துல கெட்டி. கேபிளை நிறுத்தினாங்க, ஃப்ரீ பஸ் வர்ற வரைக்கும் நின்னு தான் போவாங்க, அரைக்கிலோ எண்ணெயை மாசம் பூரா வர்ற மாதிரி ஊத்துவாங்க. இப்படி வட்டி போக மாசம் 2,000 மிச்சம் புடிச்சாங்க. புடிச்சதை என்ன பண்ணாங்கன்னா, மஞ்சப்பையில சுத்தி பீரோவுல புடவைக்கு அடியில வெச்சாங்க. லட்சம் சேர்ந்ததும் ஒரே தடவையா கொண்டு போயி வட்டிக்காரர் முன்னாடி வெச்சு கணக்கை முடிக்கணுமாம்.

ஏங்கக்கா, கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாமில்லன்னேன். "அவரு அசலை சில்லறையா வாங்க மாட்டாரு கண்ணு"ன்னாங்க. கேட்டுப் பாத்தீங்களான்னேன். கேக்கல! வருஷக்கணக்கா கேக்கவே இல்ல, யாரோ சொன்னாங்களாம்.

சரி, பீரோவுல லட்சம் சேர்ந்துச்சா? 16,000 வந்தப்ப அண்ணன் மகளுக்கு சீர் செய்ய போச்சு, மறுபடி 20,000 வந்தப்ப வண்டி இன்ஜின் வேலை வந்துச்சு, அப்புறம் ஊர்ல மாரியம்மன் பண்டிகை. பணம் வீட்ல இருக்குதுன்னு தெரிஞ்சா போதும், இருக்கற எல்லாருக்கும் அவசரத் தேவை வந்துடும். 34 மாசத்துல வட்டியா மட்டும் 1,02,000 கட்டியாச்சு, அசல் லட்சம் நோட்டுல எழுதினது எழுதினபடி நிக்குது.

இப்ப அதே காசை வேற மாதிரி கட்டிப் பாருங்க. மாசம் 5,000, அவங்க வயித்தைக் கட்டி ஒதுக்கின அதே 5,000 தான். முதல் மாசம் வட்டிக்கு 3,000, அசல்ல 2,000. அடுத்த மாசம் 98,000த்துக்கு வட்டி 2,940, அப்ப அசல்ல 2,060. அதுக்கடுத்த மாசம் வட்டி இன்னும் கொஞ்சம் குறையும், அசல்ல இன்னும் கொஞ்சம் கூடும். இப்படியே போனா 31 மாசத்துல கடனே இருக்காது. 31! அக்கா 34 மாசம் கட்டிட்டு இன்னும் லட்சம் பாக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நோட்டுப் பேப்பர்ல நான் மாசாமாசம் போட்டுக் காட்டினப்ப கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "அப்ப நான் கேபிளை நிறுத்தினது எதுக்கு"ன்னாங்க.

அதனால கேளுங்க. வட்டிக்கு விடறவங்கள்ல முக்கால்வாசி பேரு அசலை பகுதி பகுதியா வாங்கிக்குவாங்க, முழுசும் வராம போயிடுமோங்கற பயம் அவங்களுக்கும் இருக்குது. சில பேரு ரெண்டாயிரம் மூவாயிரமெல்லாம் வேண்டாம், பத்தாயிரமா கொண்டாங்கம்பாங்க. சரின்னு ஒத்துக்கிட்டு அதுவரைக்கும் ஏடிஎம் கார்டு இல்லாத ஒரு பேங்க் கணக்குல போடுங்க, பீரோவுல மட்டும் வேண்டாம்.

குடுக்கும்போது வாய்ப்பேச்சுல குடுத்துட்டு வந்துடாதீங்க. புரோ நோட்டை (நாம கையெழுத்துப் போட்டுக் குடுத்த கடன் பத்திரம்) எடுக்கச் சொல்லி அதுக்குப் பின்னாடி தேதி போட்டு, "அசலில் வரவு"ன்னு எழுதி, தொகையை எண்ணுலயும் எழுத்துலயும் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். வெறும் "வரவு"ன்னு இருந்தா நாளைக்கு அது வட்டியில வந்ததுன்னு சொல்லிடுவாங்க, அப்படிச் சொல்லி ரகளை ஆனதை நான் பாத்திருக்கேன். எழுதினதும் போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. அவரு யோசிச்சார்னா இதைச் சொல்லுங்க: புரோ நோட்டுக்கு 3 வருஷம் தான் ஆயுசு, அதுக்குள்ள நாம கையெழுத்துப் போட்டு வரவு வெச்சா அந்தத் தேதில இருந்து மறுபடி 3 வருஷம் ஓடும். அவருக்கும் அது நல்லது தான், புது நோட்டு எழுதுன்னு நம்மளை கூப்பிட வேண்டியதில்ல.

இன்னொரு எரிச்சல் இதுக்குள்ளயே இருக்குது. அந்த அக்கா பீரோவுல அதே மஞ்சப்பைக்குப் பக்கத்துல அஞ்சு பவுன் நகை டப்பாவுல தூங்கிக்கிட்டிருந்துச்சு. பொண்ணு கல்யாணத்துக்காம், பொண்ணு அப்ப எட்டாவது படிக்குது. பேங்க்ல வெச்சிருந்தா லட்சத்துக்கு வருஷம் 9,000, 10,000 வட்டி. வெளியில 36,000. மாசத்துக்கு 2,200 கிட்ட வித்தியாசம், அதாவது வீட்ல எண்ணெயைக் குறைச்சு, பாலைக் குறைச்சு, கேபிளைப் புடுங்கி மிச்சம் புடிச்ச அதே காசு, பேங்க்குக்கு ஒரு நடை போயிட்டு வந்தா கிடைச்சிருக்கும். ஏன் வைக்கலன்னா "நகை அடமானத்துல இருக்குதுன்னு தெரிஞ்சா ஊர்ல என்ன பேசுவாங்க". 3 வட்டிக்காரர் வண்டி மாசா மாசம் வாசல்ல நிக்கறதைப் பாத்து ஊரு என்ன பேசுதுன்னு அவங்களுக்குத் தெரியல போல.

கடைசில நகையை வெச்சு தான் முடிச்சாங்க, ஆனா அஞ்சாவது வருஷம். நீங்க வைக்கறதா இருந்தா, மிச்சமாகற அந்த 2,200ஐ நகைக் கடன்லயே மாசா மாசம் கொண்டு போயி கட்டுங்க. அப்படியே விட்டுட்டா வருஷ முடிவுல பல பேங்க்ல முழுசா கட்டி மீட்டுத் தான் மறுபடி வைக்கணும்பாங்க, அன்னிக்கு ஒரு நாள் தேவைக்கு வெளிய கைமாத்து தேடி ஓடுவீங்க, அதுக்குன்னே பேங்க் வாசல்ல ஆள் நிக்கறாங்க.

சத்தம் போடறவங்களுக்கு முதல்ல குடுக்கறது

வீட்ல நாலு கடன் இருந்தா யாரு வாசல்ல வந்து கத்தறாங்களோ அவங்களுக்குத் தான் காசு போகும், இல்லைன்னா மானம் போகக் கூடாதுன்னு வட்டியில்லாம குடுத்த மாமா, சித்தப்பாவுக்குப் போகும். வட்டி எங்க அதிகமோ அங்க தான் உபரி காசு போகணும், மத்ததுக்கு தவணை மட்டும். மாமாகிட்ட போயி உக்காந்து "இத்தனாம் மாசத்துல இருந்து உங்களுக்கு ஆரம்பிக்கறோம்"னு சொல்லிட்டு வாங்க, திட்டினா வாங்கிக்குங்க.

இதுல குழு லோன்னு ஒரு குழப்பம் இருக்குது. மகளிர் குழு தமிழ்நாட்டுலயே முதல்ல 1989ல நம்ம தருமபுரி மாவட்டத்துல தான் ஆரம்பிச்சது. அந்தக் குழு மூலமா பேங்க்ல வாங்கறது வேற, பத்து பொம்பளைங்களை உக்கார வெச்சு தனியார் கம்பெனி குடுக்கறது வேற. ரெண்டையும் நாம "குழு லோன்"னு தான் சொல்றோம், வட்டி ரெண்டுக்கும் ஒண்ணு இல்ல. கம்பெனி லோன் பெரும்பாலும் ரெண்டு வட்டி பக்கம் வரும், பாஸ்புக்ல பாருங்க. 2022 ஏப்ரல்ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த மாதிரி கடனை முன்னாடியே கட்டினா அபராதம் போடக் கூடாது, வீட்டுல இருக்கற எல்லாக் கடனோட தவணையும் சேர்த்து மாச வருமானத்துல பாதியைத் தாண்டற மாதிரி குடுக்கவும் கூடாது, காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் போன் போட்டு தொந்தரவு பண்ணவும் கூடாது. கம்பெனிக்காரங்க நடத்தற சென்டர் மீட்டிங்ல இதை யாரும் சொல்ல மாட்டாங்க, நாம தான் கேக்கணும்.

தினத்தண்டல்

கையில 8,500 குடுப்பாங்க, நூறு நாளைக்கு தினம் 100 கட்டணும். கணக்குப் போட்டா மாசம் 10 வட்டி. வேண்டாம்.

கடனை அடைக்க சீட்டுல சேர்றது

20 மாசம், 5,000, லட்ச ரூபா ஏலச்சீட்டு. ரெண்டாவது மாசமே ஏலத்துல 30,000 தள்ளி எடுத்தா கையில வர்றது 70,000, அதுக்கப்புறம் 18 மாசம் கட்டிக்கிட்டே இருக்கணும். சேமிப்புன்னு பேரு, நீங்க பண்றது இன்னொரு கடன். கடன் முடிஞ்சதுக்கப்புறம் சேருங்க, அதுவும் பதிவு பண்ண சீட்டா பாத்து. தெருவுல தெரிஞ்சவங்க புடிக்கற சீட்டு ஒண்ணு கவுந்து எங்க ஏரியாவுல ரெண்டு குடும்பம் இன்னும் பேசிக்கறதில்ல.

மொய்

மொய் நோட்டைப் பாத்து அவங்க நமக்கு வெச்சதை மட்டும் வைங்க. அதுக்கு மேல ஒரு ரூபா வேண்டாம்.

கரண்டு பில்

லைட்டை ஆஃப் பண்ணு, ஃபேனை ஆஃப் பண்ணுன்னு புள்ளைங்களை நாள் பூரா திட்டறோம், மீட்டரை யாரும் பாக்கறதில்ல. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, எல்லாருக்கும் தெரியும். 500ஐத் தாண்டிட்டா 101ல இருந்து 200 வரைக்கும் இருக்கற குறைஞ்ச ரேட்டு போயி அந்த நூறு யூனிட்டுக்கே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும், 500க்கு மேல வர்ற யூனிட்டுக்கு தனி ரேட்டு வேற. ரீடிங் எடுக்க வர்றதுக்கு பத்து நாள் முன்னாடி மீட்டரைப் பாத்து, போன தடவை எடுத்த ரீடிங்கைக் கழிச்சு 420, 430 யூனிட்டுன்னு இருந்தா அந்தப் பத்து நாள் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஹீட்டரை மட்டும் அடக்குங்க, போதும். வாடகை வீட்டுக்காரங்களுக்கு ஓனர் சொல்றது தான் ரேட்டு, அதுக்கு என்கிட்ட வழி இல்ல.

ஒருத்தருக்கு ஒருத்தர் மறைக்கறது

புருஷனுக்குத் தெரியாம பொண்டாட்டிக்கு ஒரு கம்பெனி லோன், பொண்டாட்டிக்குத் தெரியாம புருஷனுக்கு ஒரு தண்டல். இப்படி இருக்கற வீட்ல செலவைக் குறைக்கறது வேலைக்கே ஆகாது, ஏன்னா மிச்சமாகறதா நாம நினைக்கற காசு வேற ஒரு ஓட்டை வழியா ஏற்கனவே போயிக்கிட்டிருக்கும். ஒரு நாள் புள்ளைங்க தூங்கினதுக்கப்புறம் உக்காந்து ரெண்டு பேரும் எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதுங்க, யாருகிட்ட, எவ்வளவு, என்ன வட்டி, எப்ப தவணை. சண்டை வரும், எங்க வீட்லயும் வந்துச்சு, ரெண்டு நாள் சமைக்கல. அந்தப் பேப்பர் இல்லாம நீங்க என்ன லிஸ்ட் போட்டுக்கிட்டு வந்தாலும் நான் பதில் சொல்ல மாட்டேன்னு இப்பல்லாம் சொல்லிடறேன். உரிமைத்தொகை 1,000 வர்றவங்க அதையும் அந்தப் பேப்பர்லயே வரவுல எழுதுங்க, அது மட்டும் கணக்குல வராம பூவுக்கும் வளையலுக்கும் போயிடுது.

முடிச்சுட்டு நோட்டை வாங்காம வர்றது

கடைசித் தவணையைக் குடுத்ததும் சந்தோஷத்துல டீ குடிச்சுட்டு எழுந்து வந்துடுவாங்க. புரோ நோட்டு, தொகை எழுதாம கையெழுத்துப் போட்டுக் குடுத்த பேப்பர், வெத்து செக், ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் கடன் குடுத்தவரு வீட்லயே கிடக்கும். "எங்க வெச்சேன்னு தெரியல, தேடித் தர்றேன்"னு சொன்னா அன்னிக்கே "அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டேன், புரோ நோட்டு தொலைந்துவிட்டது, கிடைத்தாலும் செல்லாது"ன்னு தேதி போட்டு சாட்சி ஒருத்தரோட எழுதி வாங்கிக்குங்க. செக் நம்பர் ஞாபகம் இருந்தா பேங்க்ல போயி அந்தச் செக்கை நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுங்க. நோட்டு கைக்கு வந்தா குறுக்க கோடு போட்டு ரத்துன்னு எழுதுங்க, ஆனா கிழிச்சு அடுப்புல போட்டுடாதீங்க. எங்க மாமியார் அதைத் தான் பண்ணாங்க, ஆறு மாசம் கழிச்சு கடன் குடுத்தவரு பையன் வந்து நின்னப்ப காட்ட ஒண்ணும் இல்ல.