மூன்று சுழியா, இரண்டு சுழியா? நாக்கைக் கேளுங்கள்

'வண்டி'க்கு மூன்று சுழி ண, 'கன்று'க்கு இரண்டு சுழி ன. இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். 'வண்டி' என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கி, 'டி' வருவதற்கு முன் நிறுத்திப் பாருங்கள். நாக்கின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொட்டு நிற்கும். ட பிறக்கும் இடமும் அதுவே. அதனால்தான் ஒரு சொல்லுக்குள் ட-வுக்கு முன் ண் வருகிறது. அதேபோல ற-வுக்கு முன் ன், த-வுக்கு முன் ந்: நன்றி, தென்றல், பந்து, சிந்தனை. ண, ன, ந ஆகிய எழுத்துகளுக்குரிய டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பெயர்களிலேயே விதி அடங்கியிருக்கிறது. எவ்வளவு அழகான பெயர்கள்! இவற்றை விட்டுவிட்டுக் குழந்தைகளைச் சுழி எண்ண வைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மனம்–மணம், பனி–பணி போன்ற சொற்களில் இந்தத் துணை கிடைக்காது. அங்கே வாய்விட்டுப் படிப்பதுதான் வழி. ண-வுக்கு நாக்கை நன்றாக மடியுங்கள். ன-வுக்கு மேல்பல் வரிசைக்குச் சற்றுப் பின்னால் நுனியை வையுங்கள். ஒவ்வோர் இணையையும் நாலைந்து முறை மாற்றி மாற்றி உரக்கச் சொன்னால், வேறுபாடு காதிலும் பதியும். எழுதும்போது கையும் தயங்காது.