குதிகால் கொப்புளம்: பூட்ஸ் போட்டு மலை ஏறுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

மழை ஓய்ந்து தை பிறந்தால் எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்தில் மலை ஏறும் சீசன் ஆரம்பித்துவிடும். கேரள எல்லையில் இருக்கும் அகத்தியர்கூடம் சிகரத்துக்கு வனத்துறை அனுமதி கிடைத்த பையன்கள் புது பூட்ஸோடு ஒத்திகை பார்க்க இங்கே உள்ள சின்ன மலையான மருந்துவாழ் மலைக்கு வருவார்கள். பொத்தையடிப் பக்கம் பைக்கை நிறுத்தும்போது எல்லோரும் ஜோராகத்தான் இருப்பார்கள். இறங்கும்போது பார்த்தால், கூட்டத்தில் ஒருவனாவது பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறும் சாக்ஸோடு பாறையில் தத்தித் தத்தி வருவான். குதிகாலுக்குப் பின்னால் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வழன்றிருக்கும். ஒரு காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துதான். பார்க்கிறபோது சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

புது பூட்ஸை வீட்டில் போட்டுப் பழகு, நகத்தை வெட்டு என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது

பூட்ஸ் இறுக்கமாக இருப்பதால்தான் கொப்புளம் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். குதிகால் விஷயத்தில் பெரும்பாலும் கதை நேர்மாறு. பூட்ஸ் குதிகாலைப் பிடிக்காமல் இருப்பதுதான் வினை.

இடது புறங்கையில் வலது ஆள்காட்டி விரலை அழுத்தி வையுங்கள். விரல் வழுக்காதபடி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தோல் விரலோடு போகும், எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கும், நடுவில் உள்ளது இழுபடும். பூட்ஸுக்குள் நடப்பதும் இதேதான். வியர்த்த தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொள்கிறது, சாக்ஸ் பூட்ஸின் உள்துணியோடு ஒட்டிக்கொள்கிறது. எலும்பு மட்டும் ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்பி இறங்குகிறது. இப்படி ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டால் மேல்தோலுக்குள்ளேயே ஓர் அடுக்கு கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்ளும். ஏற்றத்தில் குதிகால் இன்னும் அதிகமாகக் கிளம்பும் என்பதால், பாதி மலை ஏறுவதற்குள்ளேயே வேலை முடிந்துவிடுகிறது.

சரி, ஏன் எல்லோரும் பெரிதாக வாங்குகிறார்கள்? செருப்புப் போட்டே வளர்ந்த கால் நமக்கு. முன்பாதம் அகலமாக இருக்கும். பூட்ஸை மாட்டியதும் இரண்டு பக்கமும் பிடிக்கும். உடனே கடைக்காரர், “அடுத்த சைஸ் பாருங்க, கட்டி சாக்ஸ் போட்டா சரியாயிரும்” என்பார். இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அகலம் போதவில்லை என்றால் அகலமான மாடலைத்தான் தேட வேண்டும். நீளத்தைக் கூட்டினால், பூட்ஸ் மடிகிற இடம் நம் விரல்கள் மடிகிற இடத்தைத் தாண்டி முன்னால் போய்விடும். கால் மடியும், பூட்ஸ் மடியாது, குதிகால் கிளம்பும். அதற்கு மேல் எத்தனை சாக்ஸ் திணித்தாலும் சாக்ஸ் சுருண்டு மடிப்பு விழுமே தவிரக் குதிகால் நிற்காது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் இப்படித்தான் நல்ல விலை கொடுத்து ஒரு ஜோடி வாங்கிவந்தான். “அண்ணே, நல்ல லூசா இருக்கு, கால் புழுங்காது” என்று பெருமை வேறு. வீட்டுப் படியில் ஏறச் சொன்னேன். பூட்ஸ் படியிலேயே இருக்க, குதிகால் மட்டும் முதலில் எழுந்தது. “மக்கா, இதை இன்றைக்கே மாற்றிவிடு” என்றேன். பில்லைத் தொலைத்துவிட்டானாம். சரி, ஒருநாள் பையை மாட்டிக்கொண்டு நடந்தாவது பார் என்றேன். அதுவும் இல்லை. அகத்தியர்கூட ஏற்றம் தொடங்கும் போனக்காட்டிலிருந்து கிளம்பியவன், வழியில் ராத்தங்கும் அதிருமலை முகாம் வரைக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டான். மறுநாள் கூட வந்தவர்கள் உச்சிக்குப் போக, இவன் முகாமில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அனுமதிக்குக் கட்டிய பணம், ஆபீஸில் கெஞ்சி வாங்கிய லீவு, பூட்ஸ் காசு எல்லாம் இரண்டு குதிகாலில் போயிற்று.

வாங்குவதானால் சாயங்காலம் போங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் சாக்ஸையே கொண்டுபோங்கள். லேஸ் கட்டாமல் விரல்களை முன்னால் முட்டவைத்தால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையலாம், அவ்வளவுதான். அப்புறம் லேஸைக் கட்டிக் கடைப் படியிலேயே ஏறி இறங்குங்கள். குதிகால் கிளம்புவது தெரிந்தால், என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கித் தொலைத்தவர்களுக்கு ஓரளவு கைவைத்தியம் உண்டு. உள்ளே கொஞ்சம் கனமான இன்சோல் போட்டுப் பாருங்கள். கட்டுவதற்கு முன் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்கார வையுங்கள். கால் மடங்கும் இடத்தில், அதாவது கணுக்காலுக்கு முன்பக்கம், லேஸை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக முறுக்கி இழுத்துவிட்டு, பிறகு மேல் கொக்கிகளுக்குப் போங்கள். அந்த முறுக்கு இறுக்கத்தை அங்கேயே பிடித்துவைக்கும். விரல் பக்கம் லேஸ் தளர்வாக இருந்தாலும் பரவாயில்லை. வெயிலேற ஏற, புழுங்குகிறது என்று மேல் லேஸை அவிழ்த்துவிட்டு நடப்பவர்களை என்ன சொல்வது!

சிவராத்திரிக்கு முன்சிறை திருமலையில் தொடங்கிப் பன்னிரண்டு சிவாலயங்களையும் ஓடிச் சேர்கிறவர்கள் வெறுங்காலில்தான் ஓடுகிறார்கள். தார் ரோட்டுச் சூட்டில் உள்ளங்கால் பொத்துப்போகும், உண்மைதான். ஆனால் குதிகாலுக்குப் பின்பக்கம் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அங்கே பிடித்து இழுக்க ஒரு பொருளும் இல்லையே. மருந்துவாழ் மலைக்கும் பூட்ஸ் தேவையில்லை என்பது என் கட்சி. பெரிய ஏற்றத்துக்குப் பழகத்தான் அது.

பள்ளிக்கூடத்துப் பருத்தி சாக்ஸ்

வேண்டாம். ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும்.

உறுத்தல் தெரிந்தும் நடந்துகொண்டே இருப்பது

கொப்புளம் சொல்லாமல் வராது. முதலில் அந்த இடம் மட்டும் சூடாகத் தெரியும், அப்புறம் உறுத்தும். அந்த நேரத்தில் நின்று பூட்ஸைக் கழற்றினால் சில நிமிடத்தில் முடிகிற வேலை: காலைக் காற்றாட விட்டு, துடைத்து, டேப் ஒட்டி, சாக்ஸின் மடிப்பை நீவி மாட்ட வேண்டியதுதான். பையன்கள் நிற்க மாட்டார்கள். “மேலே போய்ப் பாத்துக்கலாம் அண்ணே.” மேலே போனால் பார்க்கத்தான் முடியும். நிறுத்தச் சொல்லக் கூச்சப்படுகிறவனுக்காகக் கூட்டத்தில் மூத்தவர்தான், முதல் அரைமணி நேரம் கழிந்ததும், எல்லோரையும் உட்காரவைத்துக் காலைக் காட்டச் சொல்ல வேண்டும்.

டேப்பைக் கடைசி நேரத்துக்கு வைத்திருப்பது

வழக்கமாகக் கொப்புளம் வருகிற இடம் தெரிந்திருந்தால், கிளம்பும் முன் வீட்டிலேயே உலர்ந்த தோலில் ஒட்டிவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் காகித மைக்ரோபோர் டேப்பே போதும். பல நாள் ஓடும் நெடுந்தூரப் பந்தயங்களில் 128 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016-ல் வந்தது. டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டினால் சுருளாது. வியர்த்த காலில் ஒட்டினால் ஒட்டிய பத்தாவது நிமிடம் சாக்ஸில் கிடக்கும்.

தேங்காய் எண்ணெய்

காலில் தடவினால் முதல் ஒருமணி நேரம் வழுக்கும். அப்புறம் உராய்வு முன்பைவிடக் கூடும். டேப்பும் ஒட்டாது.

ஓடையில் காலை நனைத்துவிட்டு அப்படியே மாட்டுவது

காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் போனால் தண்ணீரைக் கண்டதும் இறங்காமல் யாராலும் இருக்க முடியாது. இறங்குங்கள். ஆனால் பையில் ஒரு துண்டும் மாற்று சாக்ஸும் இருக்கட்டும். விரலிடுக்கில் ஒட்டிய மணலைத் தட்டாமல் மாட்டினால் தேய்ப்புக் காகிதத்தைப் போட்டு நடப்பதுதான். ரப்பர் தோட்டத்து ஈரத்தில் அட்டை ஏறியிருக்கிறதா என்பதையும் அதே சாக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

தோலை உரிப்பது

உரிக்காதீர்கள். சின்னதாக இருந்தால் தொடவே வேண்டாம். பெரிதாகி நடக்கவிடாமல் வலித்தால், கையைக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் இறக்குங்கள். மேல்தோலை அப்படியே விட்டு மூடிக் கட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்யக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். சிவந்து பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ யாராக இருந்தாலும் அதேதான்.

செருப்பை வீட்டிலேயே விட்டுவருவது

பையில் ஒரு ஜோடி போடுங்கள். பின்பக்கம் வார் இல்லாததாக.